பட்டியலில் பெயர் இல்லாதவரின் ஓட்டு

(குந்தாரப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தம் தந்தையார் நினைவாக ஒரு தொகையை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்திவரும் குடும்பத்தாருக்கு என் நன்றி. கூட்டத்தை வெள்ளிக்கிழமை வைக்காததற்குத் தனியாக ஒரு நன்றி. வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளியில் ஆட்டுச் சந்தை. ஒலிபெருக்கி வைத்திருந்தாலும் என் குரல் எடுபட்டிருக்காது.

தேர்தல் பற்றிப் பேசப்போகிறேன். கட்சிகளைப் பற்றி ஒரு சொல்லும் வராது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். ஆசிரியர் என்றால் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி வேலையும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததும், அதன்பின் சட்டப் புத்தகத்தில் தேடிப் படித்ததும்தான் இன்றைய பேச்சு.

ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டொரு நாள் முன்னால் நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். 2019 மக்களவைத் தேர்தலில் வந்தது, 2024-லும் வந்தது. “பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? கவலை வேண்டாம். ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ காட்டி, பிரிவு 49ஏ-யின் கீழ் சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டார்களா? டெண்டர் ஓட்டு கேளுங்கள். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே மறுவாக்குப்பதிவு. இதை எல்லாருக்கும் பகிருங்கள்.” வந்த சாரம் இதுதான். தேர்தல் ஆணையமே மறுத்த பிறகும் இது ஓயவில்லை. படித்தவர்கள், வழக்கறிஞர்கள்கூடப் பகிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதில் முதல் பகுதி பொய். 49ஏ என்பது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று சொல்லும் விதி. பெயர் இல்லாதவருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 14 சதவீதக் கணக்கும் பொய், அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நடுவில் சொன்ன டெண்டர் ஓட்டு மட்டும் உண்மை, அதுவும் பாதிதான்.

இந்தப் பொய் ஏன் இவ்வளவு தூரம் ஓடுகிறது? மக்களுக்கு அப்படி ஒன்று தேவைப்படுகிறது, அதனால் ஓடுகிறது. பெயர் விடுபட்டவருக்கு வாக்குச்சாவடியிலேயே ஒரு வழி இருக்க வேண்டும் என்று சாதாரண மனிதர் நினைக்கிறார். அமெரிக்காவில் அந்த வழி சட்டமாகவே இருக்கிறது. அங்கே அதற்குத் தற்காலிக வாக்குச்சீட்டு என்று பெயர். நம்மிடம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே போவதற்கு முன் நம் ஊரில் இருப்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு மிகச் சுருக்கமானது. பட்டியலில் பெயர் இருப்பவர் ஓட்டுப் போடலாம், பெயர் இல்லாதவர் போட முடியாது. வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அட்டை உங்களை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். டி.என். சேஷன் காலத்தில், 1993-இல் அந்த அட்டை வந்ததிலிருந்து இந்தக் குழப்பமும் கூடவே வந்தது. அட்டை இருந்து பெயர் இல்லாதவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பெயர் இருந்து அட்டை இல்லாதவர் வேறு ஆவணம் காட்டி ஓட்டுப் போடலாம்.

அந்த வேறு ஆவணங்கள் கடந்த மக்களவைத் தேர்தலில் மொத்தம் 12. ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறுநாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் என்று அந்த வரிசை போகும். நம்மவர்கள் எங்கே போனாலும் முதலில் எடுத்து நீட்டும் ரேஷன் கார்டு அதில் இல்லை. வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் ஸ்லிப்பும் 2019 முதல் அடையாள ஆவணம் ஆகாது. இன்னொரு விஷயம் நம் பகுதிக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். மத்திய, மாநில அரசுகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்குத் தரும் படத்துடன் கூடிய அடையாள அட்டை செல்லும். ஓசூரில் அசோக் லேலண்டிலோ டைட்டனிலோ நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவரின் அட்டை அந்த வகையில் சேரும். அதே வாசலுக்குள் அதே ஷிப்டில் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளியின் கழுத்தில் தொங்குவது பெரும்பாலும் கான்ட்ராக்டர் கொடுத்த அட்டை. அதை நீட்டினால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தால்? நம் மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பேசுகிறோம். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளியில் எழுதியது ஒன்று, ஆதாரில் ஏறியது இன்னொன்று. ஆள் அவர்தான் என்று தெரிந்தால் சில்லறைப் பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்றுதான் தலைமை அலுவலர்களுக்கான கையேடு சொல்கிறது. எழுத்துப் பிழையைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அது அலுவலரின் தவறு.

இப்போது சேலஞ்ச் ஓட்டுக்கு வருகிறேன். கேட்டு வாங்கும் ஓட்டு என்று அந்தச் செய்தி சொல்கிறதே, உண்மையில் அது வாக்காளர் கேட்பதே இல்லை. பூத் ஏஜென்ட் எழுந்து, “இவர் அந்த ஆள் இல்லை” என்று ஆட்சேபம் செய்வதுதான் சேலஞ்ச். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஜே. ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஏஜென்ட் 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக அதே 2 ரூபாய்தான், டீக்குக்கூடக் காணாது. தலைமை அலுவலர் வாக்காளரிடம் ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று எச்சரிப்பார், பட்டியலில் உள்ள விவரத்தைப் படித்துக் காட்டிக் கேட்பார், படிவம் 14-இல் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்து வாங்குவார், அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகாவிட்டால் வாக்காளர் எல்லாரையும்போல இயந்திரத்திலேயே ஓட்டுப் போடுவார். வீண் ஆட்சேபம் என்று தெரிந்தால் அந்த 2 ரூபாய் அரசுக்குப் போகும். இதில் எந்தக் கட்டத்திலும் பட்டியலில் பெயர் இல்லாதவர் உள்ளே வர முடியாது.

டெண்டர் ஓட்டின் கதை வேறு. இதன் வேர் 1872-இல் இங்கிலாந்தில் வந்த வாக்குச்சீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே ஓட்டுப் போட்டுவிட்டார், நீங்கள் பிறகு வருகிறீர்கள். விதி 49பி-யின்படி (ஆங்கில P), தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் திருப்தியாகப் பதில் சொன்னால், இயந்திரத்தில் பொத்தானை அழுத்த விடாமல் ஒரு காகித வாக்குச்சீட்டைத் தருவார். ஆவணங்களில் இதற்கு ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் இதற்காக 20 சீட்டுகள் கொடுத்தனுப்புகிறார்கள். பெரும்பாலும் அந்த இருபதும் அப்படியே திரும்பிப் போகும்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் தலைமை அலுவலராக இருந்தபோது அதில் ஒன்று செலவானது. மதியச் சாப்பாட்டு நேரம். ஓர் அம்மா வருகிறார். முதல் நிலை அலுவலர் வரிசை எண்ணைப் பார்த்தால், வாக்காளர் பட்டியலின் மார்க்டு காப்பியில் அந்தப் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது. மூன்று கட்சி ஏஜென்ட்டுகளும் தலையைத் தூக்கினார்கள். கள்ள ஓட்டு என்ற பேச்சு எழுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஒரே தெருவில் 2 முனியம்மா. ஒருவரின் கணவர் வெங்கடப்பா, இன்னொருவரின் கணவர் வெங்கடேசப்பா. காலையில் வந்த முனியம்மாவின் ஓட்டை இன்னொரு முனியம்மாவின் வரிசை எண்ணில் பதிவு செய்திருக்கிறார்கள். அறையில் இருந்த ஆறேழு பேருக்கும் நடந்தது தெரியும். காலையில் வந்தவரின் சொந்த வரிசை எண் கோடில்லாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் மதியம் வந்தவரை அந்த எண்ணில் ஓட்டுப் போடவிட முடியாது, ஏனென்றால் அவர் அவரல்லர். எனவே சீட்டு எடுத்தேன். பின்புறம் “ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு” என்று இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டேன். படிவம் 17பி-யில் கைநாட்டு வாங்கினேன். அம்புக்குறி முத்திரையைக் கையில் கொடுத்து மறைவுக்கு அனுப்பினேன். போகும்போது திரும்பிக் கேட்டார்: “எல்லாரும் மிசின்ல அமுக்குறாங்க. எனக்கு மட்டும் என்னாத்துக்கு சார் காயிதம்?”

அவர் மடித்துக் கொடுத்த சீட்டைத் தனி உறையில் வைத்தேன். மாலையில் அந்த உறையை ஒட்டி, முத்திரையிட்டு, நாட்குறிப்பில் டெண்டர் ஓட்டு 1 என்று எழுதி ஒப்படைத்தேன்.

அந்த உறை பிறகு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வாக்கு எண்ணும் நாளில் டெண்டர் ஓட்டு உறையைப் பிரிக்க மாட்டார்கள். அது எந்த வேட்பாளர் கணக்கிலும் சேராது. அந்தச் செய்தியில் இருந்த பாதி உண்மை என்று சொன்னேனே, அது இதுதான். டெண்டர் ஓட்டுப் போடலாம், ஆனால் அது எண்ணப்படாது. தோற்றவர் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு, வித்தியாசம் மிகச் சொற்பமாக இருந்து, முதலில் போடப்பட்ட ஓட்டு போலி, பிறகு வந்தவரே உண்மையான வாக்காளர் என்று சாட்சி வைத்து நிரூபித்தால்தான் அந்த உறைக்கு உயிர் வரும்.

2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படம் இந்த 49பி-யைத் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முன் தேர்தல் பயிற்சி வகுப்பில் நாங்களே தூங்கிவழிந்த பகுதி அது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது தேர்தல் துறையே இந்த விதியை எடுத்து விளம்பரம் செய்தது. இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸுக்கும் நடிகர் விஜய்க்கும் அந்த வகையில் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் படத்தில் கதாநாயகனின் ஒற்றை ஓட்டு மாநிலத் தேர்தலையே புரட்டிப்போடுகிறது. அரங்கை விட்டு வந்தவர்கள் 49பி என்றால் வெடிகுண்டு என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த 14 சதவீதக் கதைக்கு நீர் வார்த்ததில் படத்துக்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

ஒற்றை ஓட்டில் தலைகீழான தேர்தல் நிஜத்திலும் உண்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். முதலமைச்சர் பதவிக்குப் பேசப்பட்டவர் அவர். வழக்கு வந்தது. டெண்டர் ஓட்டுகளில் எவற்றை நீதிமன்றம் பார்க்கலாம் என்ற ஒரு வாதம் மட்டுமே உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-இல் தீர்ப்பானது. நம் பக்கத்திலும் கண்டோம். 2016-இல் ராதாபுரத்தில் இன்பதுரை அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். அங்கே பிரச்சினை தபால் ஓட்டு. உறுதிமொழியில் கையெழுத்திட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்ற கேள்வியில் 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடியாயின. அவற்றை எண்ணும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல்தான் உத்தரவிட்டது. ஐந்தாண்டுப் பதவியில் மூன்றாண்டு முடிந்திருந்தது.

இங்கே கிருஷ்ணகிரி தொகுதியில் 2021-இல் வித்தியாசம் 794. ஒரு தொகுதிக்கு 300 வாக்குச்சாவடி என்று வைத்துக்கொண்டால் பூத்துக்கு 3 ஓட்டுக்கும் குறைவு. சென்னை தியாகராய நகரில் 137. பெயர் விடுபட்டுத் திரும்பிப் போனவர்கள் பூத்துக்கு 3 பேர்கூட இருக்க மாட்டார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். திருடப்பட்ட ஓட்டுக்கு ஓர் உறையாவது இருக்கிறது. அழிக்கப்பட்ட பெயருக்கு அதுவும் இல்லை.

2019 ஏப்ரல் 18 அன்று நடிகர் சிவகார்த்திகேயன் பெயர் பட்டியலில் இல்லை என்றார்கள், பிறகு ஓட்டுப் போட்டு வெளியே வந்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் எங்களை மட்டும் ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டார்கள். பெயர் இல்லாதவரை அனுமதித்தது தவறு, சம்பந்தப்பட்ட அலுவலர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அப்போதைய தலைமைத் தேர்தல் அதிகாரி சத்யபிரத சாகு சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த அறையில் இருந்த அலுவலரின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். எதிரில் நிற்பவர் யார் என்று தமிழ்நாடே சொல்லும். ஆள் அடையாளத்தில் துளி சந்தேகமில்லை. ஆனாலும் காகிதத்தில் பெயர் இல்லை. ஆம், இல்லை என்ற இரண்டுக்கு நடுவே “இப்போது போடுங்கள், பிறகு சரிபார்ப்போம்” என்று சொல்ல நம் விதியில் இடமில்லை.

இடமே இல்லையா என்றால், ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது. ஏ.எஸ்.டி. லிஸ்ட் என்று ஒன்றைத் தலைமை அலுவலரிடம் கொடுப்பார்கள். வீட்டில் இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் என்று குறிக்கப்பட்டும் பெயர் இன்னும் நீக்கப்படாதவர்களின் பட்டியல். அதில் உள்ள ஒருவர் நேரில் வந்து நின்றால் கூடுதல் கவனத்தோடு அடையாளம் பார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடவிடலாம். இறந்தவர் என்று எழுதியவர் உயிரோடு வந்து நின்றால் சட்டம் அவரை ஏற்கிறது. அதே பெயர் ஒரு மாதம் முன்னால் நீக்கப்பட்டிருந்தால் ஏற்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நீக்குவது எப்படி நடக்கிறது? 1950-ஆம் ஆண்டுச் சட்டம் 23(3)-இன்படி வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அதற்கு முன்னால்தான் எல்லாமே. பெயர் சேர்க்கப் படிவம் 6, ஆட்சேபிக்கவோ நீக்கவோ படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. முடிவு பிடிக்காவிட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் 15 நாளில் மேல்முறையீடு, அதன்மேல் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் 30 நாளில். காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் போனதே தெரியாதவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? தெரியவருவது வாக்குச்சாவடி வாசலில். அன்றைக்கு எல்லாக் கதவும் மூடியிருக்கும். நீதிமன்றமும் வராது. அதற்கான முன்னோடித் தீர்ப்பு நம் பழைய சேலம் மாவட்டத்திலிருந்துதான் போனது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது. தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் தலையிடாது, முடிந்தபின் தேர்தல் மனுதான் வழி என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது கிருஷ்ணகிரியும் அதே சேலம் மாவட்டம்தான்.

அதே முதல் தேர்தலில், தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்ன பெண்கள் சுமார் 28 லட்சம் பேரின் பதிவைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கினார். பெரும்பாலும் வட மாநிலப் பெண்கள். அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் பெயர் சொல்லப் பழகிவிட்டார்கள் என்று பெருமையாக எழுதுவார்கள். அந்த ஒரு தேர்தலில் அவர்கள் ஓட்டு போனது போனதுதான்.

நம் காலத்துக்கு வருவோம். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர். என்று நாமெல்லாம் சொல்வது, தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-இல் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இரட்டைப் பதிவு சில லட்சம். மீதி 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். இறந்தவர் பெயரை எடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பல ஆண்டுகளாகத் தூர்வாராத பட்டியல், தூர்வாரத்தான் வேண்டும். அந்த 66 லட்சம்தான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் நம் நெடுஞ்சாலை ஓரம் முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான் குடியிருக்கிறார்கள்.

குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் சிப்காட் என்று போகும் வழியில் எத்தனை விடுதிகள், எத்தனை தகர ஷெட்டுகள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த பெண்பிள்ளைகள் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் சொந்த ஊரில். அங்கே பி.எல்.ஓ. எனும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்கும், அல்லது “பிள்ளை ஓசூர்ல இருக்குது” என்று பாட்டி உண்மையைச் சொல்லிவிடுவார். அங்கே இடம்பெயர்ந்தவர் என்று பதிவாகும். இங்கே சேர்க்கலாமென்றால் குடியிருப்புக்குச் சான்று வேண்டும். விடுதியில் பத்துப் பேர் ஓர் அறையில் இருப்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் எங்கே? எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, ஆனேக்கல்லில் குடியிருந்துகொண்டு இந்தப் பக்கம் வேலைக்கு வருபவர்களும் உண்டு, இந்தப் பக்கம் குடியிருந்து பெங்களூருக்குப் போய்வருபவர்களும் உண்டு. வேப்பனப்பள்ளி தொகுதியோ ஆந்திரம், கர்நாடகம் இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது. ஆனால் ஓரிடத்தில்கூட இல்லாமல் போவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் போன்றோருக்காகத் தொலைவிட வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை 2023 ஜனவரியில் காட்டுவதாக ஆணையம் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு அதோடு நின்றது.

முதலில் சொன்ன தற்காலிக வாக்குச்சீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் புளோரிடாவில் 537 ஓட்டில் முடிவானது. பட்டியலில் பெயர் தவறாக நீக்கப்பட்டதால் ஓட்டுப் போட முடியாமல் போனவர்கள் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2002 அக்டோபரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. பெயர் பட்டியலில் இல்லை என்றாலும், அடையாள அட்டை இல்லை என்றாலும், “நான் இந்தப் பகுதியில் தகுதியுள்ள வாக்காளர்” என்று எழுதிக் கையெழுத்திட்டால் அவருக்கு ஒரு வாக்குச்சீட்டு தர வேண்டும். சீட்டு உறைக்குள் போகும், உறைமேல் விவரம். தேர்தல் அலுவலகம் பிறகு பதிவேடுகளைப் பார்க்கும். தகுதி உண்டு என்றால் எண்ணப்படும், இல்லையென்றால் தள்ளப்படும். அடையாள அட்டை கொண்டுவரச் சில மாநிலங்கள் இரண்டொரு நாள் அவகாசம் தருகின்றன. எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. தம் ஓட்டு எண்ணப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று வாக்காளர் கட்டணமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2004-இல் சுமார் 19 லட்சம் பேர் இப்படிப் போட்டார்கள், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணப்பட்டது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வகைச் சீட்டை ஒரு மாநிலம் ஏற்கும், பக்கத்து மாநிலம் தள்ளும். வேறு பூத்தில் போட்டார் என்பதற்காகவே தள்ளப்பட்டவை ஏராளம். கனடாவில் இன்னும் எளிது. நம் ஈழத்து உறவுகள் பலர் வாழும் டொரண்டோவில், தேர்தல் நாளிலேயே வாக்குச்சாவடியில் பதிவு செய்துகொண்டு ஓட்டுப் போடலாம்.

நம் நாட்டில் இது சாத்தியமா? கருவி எல்லாம் கையிலேயே இருக்கிறது என்பேன். தபால் ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளுறையில் வாக்குச்சீட்டு, வெளியுறையில் 13ஏ உறுதிமொழி. முதலில் உறுதிமொழியைப் பார்க்கிறோம், சரியென்றால்தான் உள்ளுறையைப் பிரிக்கிறோம். யார் போட்டார் என்பதும் எதற்குப் போட்டார் என்பதும் ஒரே நேரத்தில் வெளியே வராது. 85 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டிலேயே ஓட்டுப் போடுவதும் இதே முறையில்தான். பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கும் இதே இரட்டை உறையைக் கொடுத்து, தொகுதி அளவில் ஒன்றாகக் கலந்து எண்ணலாம்.

நேரம் போதாது என்பார்கள். 2019-இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே 35 நாள். 2021-இல் 26 நாள். 2024-இல் ஏப்ரல் 19-இல் போட்டுவிட்டு ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தோம். அத்தனை நாளும் துப்பாக்கி ஏந்திய காவலில் பெட்டிகள் சும்மா கிடந்தன. பூத்துக்கு ஐந்து பத்து உறையை நீக்கல் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க அதில் பாதி நாள் போதும்.

எல்லையைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக ஆள் ஏற்றி வருவார்கள் என்ற பயம் இன்னொன்று. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு அந்தப் பயம் புரியும். அதனால்தான் எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. முந்தைய பட்டியலில் பெயர் இருந்து, இந்தப் பட்டியலில் நீக்கப்பட்டவர், நோட்டீஸ் தம் கைக்கு வரவில்லை என்று உறுதிமொழி கொடுப்பவர், இவர்களுக்கு மட்டும். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. சரிபார்க்காமல் எந்த உறையும் பிரியாது. ஆள் ஏற்றி வருகிறவருக்கு இதில் லாபம் என்ன? முன்பே பட்டியலில் இருந்தவரை நீக்குவதற்கு உரிய காரணமும் நோட்டீஸும் வேண்டும் என்று 1995-இல் லால் பாபு ஹுசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பீகாரில் எஸ்.ஐ.ஆர். வரைவுப் பட்டியலில் விடுபட்ட 65 லட்சம் பேரின் பெயரைக் காரணத்தோடு வெளியிட 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். இந்த இரண்டு தீர்ப்புகளின் அடுத்த படியைத்தான் கேட்கிறேன். விதியை மட்டும் மாற்றினால் போதாது, 62-ஆம் பிரிவில் நாடாளுமன்றம் ஒரு விலக்கு எழுத வேண்டும். கடினம்தான். தபால் ஓட்டை வீடு வரை கொண்டுபோனவர்களுக்கு இது முடியாதது இல்லை.

அதுவரை நமக்கு இருப்பது பட்டியல் ஒன்றுதான். இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொய்ச் செய்தி மறுபடி வந்தால் பகிராதீர்கள், அனுப்பியவருக்கு 49ஏ என்றால் என்னவென்று சொல்லுங்கள். உங்கள் தெருவில் உள்ள விடுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அங்கே இருப்பவர்களின் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் படிவத்தை நிரப்ப உதவுங்கள். இதையெல்லாம் வேட்புமனு தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டும். வாக்குப்பதிவு நாளில் என்னைப்போல ஒரு வாத்தியார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவரால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.